கண் வைக்க ஒருவர், திருகாணி பிடிக்க ஒருவர்

இந்தப் பத்திரிகைக்கு இதற்கு முன் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இரண்டும் கேள்வி-பதில் பகுதிக்குத்தான். ஒரு முறை தென்னையில் சிவப்புக் கூன்வண்டு பற்றி, இன்னொரு முறை கடலையில் பொக்கு ஏன் இவ்வளவு விழுகிறது என்று. ஜிப்சம் போடச் சொல்லிப் பதில் வந்தது. போட்டேன், பலன் இருந்தது.

மூன்றாவதாக ஒரு கேள்வியை எழுதி, மடித்து, அனுப்பாமலே வைத்துவிட்டேன். 'தொலைநோக்கி வாங்கினேன். ஒன்றுமே தெரியவில்லை. என்ன செய்வது?' என்பது அந்தக் கேள்வி. விவசாயப் பத்திரிகையில் போய் இதைக் கேட்பதா என்று கூச்சம். பதில் பிறகு வேறு வழியில் கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒருவர் பிள்ளைக்காக இதே பொருளை வாங்கி, என்னைப் போலவே மூலையில் சாத்தி வைத்திருக்கிறார் என்று சமீபத்தில் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையின் அடிவாரம், ஆலங்காயம் பக்கம். மூன்று ஏக்கர். மானாவாரியில் கடலை, கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் கேழ்வரகு, நாற்பது தென்னை. மலைமேல் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986-லிருந்து அது வேலை செய்கிறது. சின்ன வயதிலிருந்து அந்த வெள்ளைக் குமிழைப் பற்றிக் கேட்டு வளர்ந்தும் நான் போய்ப் பார்த்ததில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போனார்கள். அன்று வந்தவன்தான், வாய் ஓயவில்லை.

எங்களுக்கு மும்முனை மின்சாரம் ஒரு வாரம் பகலில், ஒரு வாரம் இரவில் வரும். இரவு வாரத்தில் நானும் அவனும் மடை திருப்பக் காட்டில்தான் கிடப்போம். வரப்பில் உட்கார்ந்து மேலே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. என் பாட்டி அறுமீன் என்று சொன்ன கார்த்திகைக் கூட்டத்தை அவனுக்கு நான் காட்டினேன். அதை ஆங்கிலத்தில் என்ன சொல்வார்கள் என்று அவன் எனக்குச் சொன்னான். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் தொலைநோக்கி வாங்கித் தருகிறேன் என்று ஓர் இரவில் வாய்விட்டேன். வாங்கிவிட்டான்.

ஆடிப்பட்டத்துக் கடலை விற்ற காசு கையில் இருந்தது. சொட்டுநீரின் லேட்டரல் குழாய்கள் வெயிலில் வெடித்துப் போயிருந்தன. அதை மாற்ற வைத்திருந்த பணம் அது. வீட்டில் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்காமல் நான் தொலைநோக்கிக்குப் பணம் கட்டிவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கனமாக இருந்தது.

லாரி சர்வீஸில் இரண்டு பெட்டிகளாக வந்தது. டாப்சோனியன் என்று இந்த வகைக்குப் பெயர். ஒரு நீளக் குழாய், ஓர் அட்டைப்பலகைப் பெட்டி, அவ்வளவுதான். குழாயின் அடியில் 6 அங்குல அகலத்தில் ரசம் பூசிய குழிக் கண்ணாடி இருக்கும். அது வெளிச்சத்தைச் சேர்த்து மேலே அனுப்பும். குழாய் வாய்க்கு அருகில் சாய்வாக நிற்கும் சின்னக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பும். அங்கே ஐபீஸ் என்ற சிறு வில்லைக் குழலைச் செருகிக் கண் வைக்க வேண்டும். இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். இந்தக் கண்ணாடி 150 மில்லிமீட்டர். கண்ணைவிட நானூறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை அள்ளுகிறது.

இதை உருவாக்கியவர் ஜான் டாப்சன் என்ற அமெரிக்கர். 1944-ல் சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்த சங்கத்தில் சேர்ந்து, 23 ஆண்டுகள் நம் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த துறவியாக இருந்தவர். கையில் காசு கிடையாது. கப்பல் ஜன்னலின் தடித்த கண்ணாடியைத் தேய்த்துக் குழியாக்கி, அட்டைக் குழாயில் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்காரவைத்தார். தெருவோரம் நிறுத்திப் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். இதனால்தான் இது மற்ற வகைகளைவிட விலை குறைவு. மேலே கீழே, இடம் வலம் என்று கையால் தள்ளித் திருப்பினால் போதும். பீரங்கியைத் திருப்புவது மாதிரி.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. வந்த அன்று ஒன்றும் தெரியாது.

அன்று இரவே மாடியில் ஏற்றிவிட்டோம். தெருவே வந்துவிட்டது. கார்த்திகை மாதம், வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ரோகிணிக்குப் பக்கத்தில் வியாழன் பளிச்சென்று நின்றது. பெரிதாகத் தெரியட்டும் என்று இருந்ததில் சின்ன ஐபீஸைச் செருகினோம். கண் வைத்தால் கன்னங்கரேல். அரை மணி நேரம் குழாயை அப்படியும் இப்படியும் தள்ளினோம். ஒரு வழியாக எதுவோ அகப்பட்டது. சாணி மிதித்தது போல ஒரு பக்கம் இழுத்த வெள்ளைத் தீற்று, தண்ணீருக்கடியில் ஆடுவது போல ஆடிக்கொண்டிருந்தது. "இதுக்கா இவ்ளோ காசு?" என்று ஒருவர் கேட்டுவிட்டு இறங்கினார். பின்னாலேயே எல்லோரும் இறங்கினார்கள்.

அடுத்த மூன்று நாளும் அதே கதைதான். அசைத்தால் குழாய் வெடுக்வெடுக்கென்று போனது. வண்டி அச்சுக்குப் போடுவது போல, திரும்புகிற இடத்திலெல்லாம் கிரீஸ் தடவினேன். இன்னும் மோசமானது.

நான்காம் நாள் மாலை காட்டிலிருந்து வந்தால், குழாயின் அடியில் இருக்கும் திருகாணிகளைப் பையன் திருப்பிக்கொண்டிருக்கிறான். எனக்கு வந்ததே கோபம்! "நீ தொட்டுத்தான்டா நாசமாப் போச்சு. காசோட அருமை தெரியுமா உனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். பம்பு ரிப்பேர்க்காரரும், என் மச்சானும், அவன்கூடப் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவில்லை. பழைய புடவை ஒன்றைப் போர்த்தி மூலையில் நிறுத்தினோம். இரவு வாரம் வந்தது. மடை திருப்ப வந்தான், வேலையைச் செய்தான், வரப்பில் போர்வையைப் போர்த்திப் படுத்துக்கொண்டான். மேலே பார்க்கவில்லை. மார்கழி போனது, தை போனது.

மாசியில் அவன் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார், இளநீர் வாங்க வந்தவர், புடவையைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். திறந்து பார்த்தார். ஐபீஸ் செருகும் துளை வழியாக உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல பழுது எதுவும் இல்லீங்கண்ணா. லாரில குலுங்கி வந்திருக்கு, கண்ணாடி சாஞ்சிருக்கு. யாராவது அடியில இருக்கிற திருகாணியத் திருப்பிச் சரி பண்ணப் பாத்தீங்களா?"

"பையன் திருப்பினான் சார். அதனாலதான் கெட்டுச்சுன்னு…"

"அவன் தொட்டது சரியான திருகாணியத்தான். ஆனா அது ஒத்த ஆளால ஆகாது. கண்ணு இந்த முனையில வைக்கணும், திருகாணி நாலு அடி தள்ளி அந்த முனையில இருக்கு. ரெண்டு பேர் வேணும்."

எனக்குச் சுருக்கென்றது. அன்று அவனுக்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. நான் போய்க் கத்தியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவன் வந்ததும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "தம்பி, கொஞ்சம் வந்து கண்ணு வைடா. நான் திருகாணியப் புடிக்கிறேன்" என்றேன். பதில் சொல்லவில்லை. பையை வைத்துவிட்டு வந்தான்.

நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒன்று மூலையில் நின்றால் பயன்படும்.

முதலில் கண்ணாடியை நேர்ப்படுத்துவது. ஐபீஸ் துளைக்கு வரும் பிளாஸ்டிக் மூடியின் சரியான நடுவில், ஆணியைச் சூடாக்கி இரண்டு மில்லிமீட்டர் துளை போட்டோம். மூடியின் உள்பக்கம் பளபளப்பான வெள்ளிக் காகிதத்தை ஒட்டி, அதிலும் அதே துளை. பகல் வெளிச்சத்தில் குழாயை ஆளில்லாத வெள்ளைச் சுவரைப் பார்த்துப் படுக்கையாக வைத்தோம். மூடி வழியாகப் பார்த்தால் சின்னக் கண்ணாடி தெரியும். அதற்குள் பெரிய கண்ணாடி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் தெரிந்தால் சின்னக் கண்ணாடி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு அது சரியாகவே இருந்தது.

பெரிய கண்ணாடியின் நடுவில் ஒரு சிறு வளையம் ஒட்டியிருப்பார்கள். மூடியில் போட்ட துளை கறுப்புப் புள்ளியாக அதே காட்சியில் தெரியும். அந்தப் புள்ளி வளையத்துக்குள் வர வேண்டும். அடியில் ஆறு திருகாணி இருக்கும். மூன்று பூட்டுகிற திருகாணி, மூன்று சரிசெய்கிற திருகாணி. பூட்டுவதை முதலில் தளர்த்திவிட்டு, மற்றதைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். அவன் கண் வைத்தான், நான் திருப்பினேன். "வெளிய போவுது. அந்தப் பக்கம். இன்னும். போதும். அடுத்தது." இரண்டரை மாதத்தில் என்னிடம் அவன் சேர்ந்தாற்போல் பேசிய வார்த்தைகள் அவைதான். பத்து நிமிடத்தில் புள்ளி வளையத்துக்குள் உட்கார்ந்தது. பூட்டுத் திருகாணிகளை மெதுவாக இறுக்கினோம். இறுக்கும்போதும் கொஞ்சம் நகரும், மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஃபைண்டர். குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழல் அது. துப்பாக்கிக்குக் குறி பார்ப்பது மாதிரி. அது பெரிய குழாயோடு ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கிரகமும் அகப்படாது. முதல் இரவு கன்னங்கரேல் என்று இருந்ததற்கு இதுதான் காரணம். இதையும் பகலில் செய்வதே சுலபம். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்த செல்போன் டவரின் உச்சியைப் பெரிய குழாயில் நடுவுக்குக் கொண்டுவந்தோம். படம் தலைகீழாகத் தெரியும், பயப்பட வேண்டாம், இந்த வகையில் அப்படித்தான். பிறகு குழாயை அசைக்காமல் ஃபைண்டரின் திருகாணிகளைத் திருப்பி, அதே உச்சியைக் குறுக்குக் கம்பிகள் சந்திக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தோம். இதைச் செய்யும்போது குழாய் சூரியன் இருக்கும் பக்கம் போகவே கூடாது.

மூன்றாவது அசைவு. கிரீஸ் தூசியைப் பிடித்துப் பசையாகியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பலகையில் மட்டும் துடைத்தெடுத்தோம். வழவழப்பான தகட்டின்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, துணியால் மெருகேற்றினோம். அடிப்பலகையின் நடு போல்ட்டை நான் இறுக்கமாக முடுக்கியிருந்தேன். அதை அரைச் சுற்றுத் தளர்த்தினோம். பிறகு ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தது, விட்ட இடத்தில் நின்றது.

நான்காவது இடம். மாடி வேண்டாம். பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவில் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டுக் காற்றில் கிரகம் ஆடும். யாராவது நடந்தாலும் குலுங்கும். களத்துமேட்டு மண்தரையோ, வீட்டின் பின்பக்கத்துப் புல்தரையோ நல்லது. மட்டப்பலகை வைத்துப் பார்க்கத் தேவையில்லை, மூன்று காலும் ஆடாமல் உட்கார்ந்தால் போதும். பார்ப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிட வேண்டும். வீட்டுச் சூட்டில் இருந்த கண்ணாடி ஆறி வெளிக்காற்றோடு சமமானால்தான் படம் தெளியும்.

ஐந்தாவது ஐபீஸ். எங்களிடம் இரண்டு இருந்தன: 25, 10 மில்லிமீட்டர். கண்ணாடியின் குவியத் தூரம் 1200 மில்லிமீட்டர். அதை ஐபீஸின் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று தெரியும். 25-ஐப் போட்டால் 48 மடங்கு, 10-ஐப் போட்டால் 120 மடங்கு. எண் பெரிதாக உள்ள ஐபீஸில் வானம் அகலமாகத் தெரியும், பொருளும் எளிதில் அகப்படும். எப்போதும் அதில் கண்டுபிடித்து நடுவில் நிறுத்திய பிறகுதான் சின்னதை மாற்ற வேண்டும். ஐந்நூறு மடங்கு, அறுநூறு மடங்கு என்று பெட்டியில் போட்டு விற்பதை நம்ப வேண்டாம். இந்த அளவுக் கண்ணாடிக்கு, காற்று மிக நன்றாக இருக்கும் இரவிலும் 300-ஐத் தாண்டினால் மங்கல்தான் மிஞ்சும்.

அன்று இரவு வாரம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. களத்துமேட்டில் வைத்து, கைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டிக்கொண்டோம். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆனால் நடக்கும்போது வெள்ளை விளக்குதான். பாம்புக்குச் சிவப்பு விளக்கு உதவாது.

அவன் வியாழனைப் பிடித்தான். குமிழைத் திருகி, தீற்று சுருங்கிச் சுருங்கி வட்டமாகும்வரை கொண்டுவந்தான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்பா, பாருங்க" என்று நகர்ந்தான். சின்ன மஞ்சள் வட்டம். அதன் குறுக்கே மெல்லிதாக இரண்டு பழுப்புக் கோடு. இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் கோத்தது போல நான்கு புள்ளிகள். அவை வியாழனின் நிலாக்கள். 1610-ல் கலிலியோ பார்த்த அதே நான்கு. மூன்று மணி நேரம் கழித்து, பாத்தி நிறைந்து மடை மாற்றிவிட்டு வந்து பார்த்தோம். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. நம் வேலை முடிவதற்குள் அங்கே ஒரு நிலா நகர்ந்திருக்கிறது.

அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு நீ சரியாத்தான்டா செஞ்சிருக்க. நான்தான் தெரியாம எல்லார் முன்னாடியும் பேசிட்டேன்." அவன், "பரவால்லப்பா" என்றான். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கே ரெண்டு பேரா பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றான். அது உண்மை, அதனால் வாயை மூடிக்கொண்டேன். கத்தியது தெரு கேட்க. மன்னிப்புக் கேட்டது களத்துமேட்டு இருட்டில். அந்தக் கணக்கு சரியில்லை என்றுதான் இப்போது ஊருக்கே படிக்கக் கிடைக்கிற மாதிரி எழுதுகிறேன்.

மறுநாள் அந்தியில் வீட்டில் அவளையும் கூப்பிட்டோம். மேற்கே வெள்ளி நின்றது. பார்த்துவிட்டு, "நிலாவையா காட்டுறீங்க, பிறை மாதிரி இருக்கே?" என்றாள். வெள்ளிதான் என்றான் பையன். நிலாவைப் போலவே அதற்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு என்று அவளுக்கு விளக்கினான். அவள் இன்னொரு முறை பார்த்தாள். "சரி, வர்ற கடலையில லேட்டரல மாத்திடணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாற்றிவிட்டோம்.

சில எச்சரிக்கைகள். இதன் வழியாகச் சூரியனை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. கண் போய்விடும், திரும்ப வராது. ஃபைண்டருக்கும் இதுவே. பகலில் குழாயின் வாய் எப்போதும் மூடியிருக்கட்டும். குழிக் கண்ணாடி வெயிலைக் குவித்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. சின்னப் பிள்ளைகளிடம் தனியாக விட வேண்டாம். கண்ணாடியில் தூசி படிந்தால் துண்டால் துடைக்காதீர்கள். ரசம் மேல்புறத்தில்தான் பூசியிருக்கும், கீறல் விழும். கொஞ்சம் தூசியால் படம் கெடாது. பனி படிந்தாலும் துடைக்காமல் உலர விடுங்கள். வாங்கியதும் பௌர்ணமியில் ஆரம்பிக்காதீர்கள். அரை நிலாவில் பாருங்கள். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில்தான் பள்ளங்கள் நன்றாகத் தெரியும்.

பையன் இப்போது கல்லூரியில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தால் முதல் வேலையாகப் புடவையை எடுத்துவிட்டு மூடியைப் போட்டுக் கண் வைப்பான். நான் கேட்காமலே அடிமுனைக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.